ரோமிங் பில் வரும்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சின்ன செல்போன் கடை. அதை நடத்துபவளை அந்தத் தெருவே ரீசார்ஜ் அக்கா என்றுதான் கூப்பிடும். சிரித்த முகம், தணிந்த பேச்சு. ஆனால் ஒன்றை மனதில் போட்டுக்கொண்டால் லேசில் விடமாட்டாள்.

அவள் அப்படிப் போட்டுக்கொண்டது அண்ணன் விஷயம். ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாக மகன் குரலைக் கேட்கவேண்டும் என்று தவித்தபோது, வெளிநாட்டுச் சுற்றுலாவில் இருந்த அந்த மகராசனின் போன் அணைந்து கிடந்தது. திரும்பி வந்தவர், "ரோமிங் பில் வரும்னு அணைச்சு வெச்சிருந்தேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல். அன்று பற்றிய தீ அவளுக்குள் இன்னும் அணையவில்லை.

இப்போது அவரே கடைக்கு வந்து நின்றார். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம், உடனே கிளம்புகிறார், அங்கே நெட்டுக்கு மட்டும் ஒரு இ-சிம் வேண்டுமாம். பெரியது, நடுத்தரம், சின்னது என்று பிளான்களைக் காட்டினாள். வழக்கம்போல மலிவானதில் விரல் வைத்தார். எடுக்கிற போட்டோவையெல்லாம் தானாக நெட்டில் ஏற்றிக்கொண்டே இருக்கும் போன் அவருடையது. அந்த டேட்டா அதற்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. வேறு யாராவது வந்திருந்தால் போட்டோ ஏறுவதை நிறுத்திக் கொடுத்திருப்பாள். அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை.

"பழைய சிம்மை அணைச்சு விட்டுடும்மா. ரோமிங் பில் வரும்."

மறுபடியும் அதே வாய், அதே பேச்சு. "சரிண்ணா" என்று அணைத்துக் கொடுத்தாள். அவளுக்கு உள்ளூர இனித்தது.

அவர் போய் இறங்கிய அன்று அவளுக்கு வேலையே ஓடவில்லை. இ-சிம் அவள் கணக்கில் வாங்கியது, மிச்ச டேட்டா எவ்வளவு என்று அவள் போனிலேயே தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலியானது. அழைத்துப்போக வரும் டாக்ஸிக்காரர் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவார். விமான நிலைய வைஃபை ஓடிபி கேட்கும், அது வரவேண்டிய பழைய சிம்மோ அணைந்து கிடக்கிறது, திரும்பப் போட அவருக்குத் தெரியாது. நன்றாகத் தவிக்கட்டும் என்று டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

அப்போது அண்ணன் மகள் கூப்பிட்டாள். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாளாம்.

"அத்தை, அப்பாவுக்குப் போகவே மாட்டேங்குது. உள்ள போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசணும் அத்தை."

அம்மா கேட்டதும் இதே ஒரு வார்த்தைதான். "இரு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, இருப்பதிலேயே பெரிய பிளானைப் போட்டுவிட்டாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் போட்டாள், அண்ணனுக்காக இல்லை.

மகளிடம் பேசி முடித்ததும் அண்ணன் இவளைக் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"யாருக்கும் லைன் போகலம்மா. பெத்த புள்ள அங்க துடிக்குது, நான் இங்க பைத்தியம் மாதிரி நிக்கறேன். தவிச்சுப் போயிட்டேன்."

"அம்மாவும் அப்படித்தான் தவிச்சாங்கண்ணா."

லைன் இருந்தது, டேட்டாவும் வேண்டிய மட்டும் இருந்தது. அண்ணனிடம்தான் பேச்சு இல்லை.