லீவில் போனவர்

வியாழக்கிழமை, ஆபீஸை மூடிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அந்த போன் வந்தது. ஊரிலிருந்து ஒரு பெண் பேசினாள். எங்கள் கம்பெனியில் கம்பி கட்டும் வேலை பார்க்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருடைய மனைவி என்றாள்.

“மேடம், அவருக்கு இந்த வருசமாவது லீவு குடுத்து அனுப்புங்க மேடம். புள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்க.”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மஸ்கட்டில், ரூவியில் இருக்கும் எங்கள் கம்பெனியில் ஆட்களுக்கு லீவு போட்டுக் கொடுப்பதும் டிக்கெட் எடுப்பதும் என் வேலை. அந்த மனிதருக்குத் திருச்சி டிக்கெட்டை நான்தான் எடுத்தேன். அவர் கையில் கொடுத்ததும் நான்தான். அதோடு விட்டேனா? ஒருவர் லீவில் போகிறார் என்று தெரிந்தால் நம்மவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஆட்கள் தங்கும் கேம்ப்பில் ஆளுக்கொரு பார்சலை அவர் தலையில் கட்டினார்கள். நானும் என் பங்குக்கு, உறையூரில் இருக்கும் அம்மாவுக்கு முழங்காலில் மாட்டும் உறையும் ஒரு பை பேரீச்சம்பழமும் கட்டிக் கொடுத்தேன். அது போய்ச் சேர்ந்தும் விட்டது. “ஒரு தம்பி வந்து குடுத்துட்டு, காபி குடிச்சிட்டுப் போச்சு” என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

“லீவா? அவரு ஊருக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சேம்மா” என்றேன்.

“இல்ல மேடம். லீவு கிடைக்கல, நெட்வொர்க் இல்லாத சைட்டுல போட்டுட்டாங்க, போன் வராதுன்னு சொன்னாரு.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பார் என் கணவர். உண்மைதான். நாள் முழுக்க விமானக் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டியிருந்தேன். மறுநாள் பயணத்துக்கு வீட்டில் என் டென்ட்டைக் காரில் ஏற்ற வேண்டும். நடுவில் ஒருத்தி வந்து என் வேலையையே இல்லை என்கிறாள்.

“நான் என்ன பொய்யா சொல்றேன்? திருச்சியில எங்க அம்மா வீட்டுக்கே வந்து பார்சல் குடுத்துட்டுப் போயிருக்காரு. நம்பலைன்னா எங்க அம்மாவையே கேட்டுக்கோ” என்று நம்பரையும் சொன்னேன்.

அவள் நம்பரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. புருஷன் திருச்சி வரைக்கும் வந்து, யார் வீட்டிலோ உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, பெரம்பலூர்ப் பக்கம் இருக்கும் சொந்த வீட்டுக்கு மட்டும் போகவில்லை. இதைக் கேட்டு ஒரு மனைவி என்ன நினைப்பாள்? வேறு என்ன நினைக்க இருக்கிறது? மறுபடி கூப்பிட்டேன், அவள் எடுக்கவில்லை. அவருடைய நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை விடியும் முன் கிளம்பிவிட்டேன்.

மாதத்துக்கு ஒரு தடவை நான் தனியாகக் கடற்கரைக்குப் போய் ஓர் இரவு தங்குவது வழக்கம். கணவரும் மகளும் வீட்டில் பீட்சா வாங்கித் தின்று குஷியாக இருப்பார்கள். எங்கள் கட்டடத்துப் பெண்களுக்குத்தான் இது இன்னும் செரிக்கவில்லை. “தனியாவா போற? வீட்டுல ஏதாவது சண்டையா?” என்று லிஃப்டில் வைத்துக் கேட்பார்கள். சண்டையும் இல்லை, சாக்கடையும் இல்லை. ஒரு நாள் முழுக்க என்னை யாரும் எதுவும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் சண்டை என்றே முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் சிரித்துக்கொண்டே என் மாடியில் இறங்கிவிடுவேன்.

நான் போகும் இடம் குரியாத்தைத் தாண்டி, சூர் போகும் வழியில் இருக்கிறது. மலை கடல் வரைக்கும் வந்து நின்றுவிடும். அடியில் வெள்ளைக் கூழாங்கல்லாக ஒரு சின்னக் கரை. தண்ணீர் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் கம்பெனி அங்கே தடுப்புச் சுவர் கட்டியது. சைட்டில் இருந்த சாமான்களைச் சரிபார்க்க ஆபீஸ் வண்டியில் போனபோதுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். வேலை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். துருப்பிடித்த ஒரு கேபின் மட்டும் பாறைகளுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. மலை மறைப்பதால் போனில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. எனக்கு அதுதான் அங்கே பிடித்ததே.

அன்று மதியம் ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் தனியாக வந்திருக்கிறேன் என்றதும் “குட்” என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டார். அவரை ஒரு நாள் எங்கள் லிஃப்டில் ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றியது.

வெயில் தாழ்ந்ததும் ஓர் ஓமானிப் பெரியவர் குடும்பத்தோடு பிக்கப்பில் வந்தார். நான் தனியாக இருப்பதைப் பார்த்து முதலில் கவலைப்பட்டார், பிறகு தட்டு நிறைய மீன் சோறு கொடுத்தார். அதோடு, மூடி வைத்த இன்னொரு தட்டையும் என் கையில் வைத்து, பாறைகளுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

“தும்ஹாரா பாய், உதர்.”

எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அவருக்கு இந்தியர்கள் எல்லோரும் ஒரே வீடு போலிருக்கிறது. பழைய கேபினில் ஓர் இந்தியர் கொஞ்ச நாளாகத் தங்கியிருக்கிறார், நல்ல மனுஷன், யாரோடும் பேசுவதில்லை, எப்போது பார்த்தாலும் தூங்குகிறார் என்று பாதி ஹிந்தியும் பாதி கையுமாகச் சொன்னார். வழக்கமாக அவரே கொண்டுபோய்க் கொடுப்பாராம். இன்று முட்டி வலி, பாறையில் ஏற முடியவில்லை. நான் தயங்கியதைப் பார்த்து, “மாஃபி முஷ்கில், ஒன்றும் ஆகாது, நான் இங்கேயே நிற்கிறேன்” என்று ஜாடை காட்டினார்.

தட்டை ஏந்திக்கொண்டு பாறைகளைத் தாண்டினேன். கேபின் நிழலில் ஒரு பலகை, அதன் மேல் கைலியோடு ஒருவர் கவிழ்ந்து படுத்திருந்தார். தலைமாட்டில் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டி. அதில் மார்க்கர் பேனாவால் பெரிய பெரிய எழுத்தில், அந்தப் பெண் போனில் சொன்ன அதே பெயரும், அடியில் ‘திருச்சி’ என்றும் எழுதியிருந்தது.

என் கால் அப்படியே நின்றுவிட்டது. தட்டு சாய்ந்து மூடி கல்லில் விழ, சோறும் கொஞ்சம் கொட்டியது. அந்தச் சத்தத்தில் அவர் புரண்டு பார்த்து, துள்ளி எழுந்து, கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

“மேடம்!”

“அண்ணே, நீங்களா? நீங்க ஊருக்குப் போயிட்டீங்கல்ல?” என்னுடைய குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது.

“ஏர்போர்ட்டு வரைக்கும் போனேன் மேடம். உள்ள போகக் கால் வரல.”

“அப்ப எங்க அம்மாவுக்குப் பார்சல் குடுத்தது யாரு?”

“அரியலூர்க்காரத் தம்பி ஒருத்தன் அதே ஃப்ளைட்டுக்கு வந்தான். லக்கேஜே இல்லாம நின்னான். எல்லார் பார்சலையும் அவன்கிட்ட ஒப்படைச்சிட்டேன். பாவம், சரியாக் கொண்டு சேத்துட்டான் போலிருக்கு.”

“இங்க வந்து என்னதான் பண்றீங்க?”

அவர் வெட்கப்பட்டார். “தூங்குறேன் மேடம்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. பளார் என்று ஒன்று விடலாமா என்றுகூட இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

“ஊருக்குப் போனா ஏது மேடம் தூக்கம்? போன தடவ இறங்குன அன்னைக்கே பஞ்சாயத்து. அப்புறம் ஆஸ்பத்திரி, சீர்வரிசை, கோயிலு, செவுரு கட்டுறது. ஒரு நாள் மத்தியானம் கண்ணசந்தேன், லீவுல வந்தவன் தூங்குறான் பாருன்னு எங்கண்ணன் ஊரே கேக்கச் சிரிச்சாரு. கேம்ப்பு ரூம்லயும் அப்படித்தான், நைட் டூட்டிக்காரன் வந்து லைட்டப் போட்டுருவான். ஒரே ஒரு மாசம் மேடம். அங்க கேட்டா நான் இங்க இருக்கேன், இங்க கேட்டா நான் அங்க இருக்கேன். யாரும் கூப்புட மாட்டாங்க. சைட்டுல இருந்தப்பவே இந்த எடத்தப் பாத்து வச்சிருந்தேன்.”

லிஃப்டில் நான் யாரிடமும் சொல்லாத பதிலை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தந்தது. அவருடைய மனைவி போன் செய்ததையும், நான் என்ன சொன்னேன் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டார். “நான் திருச்சிக்கு வந்துட்டேன்னா சொன்னீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

“யல்லா, எழுந்திருங்க. ரோட்டுக்குப் போனாத்தான் சிக்னல். முதல்ல அவங்ககிட்டப் பேசுங்க.”

பெரியவரிடம் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டென்ட்டை அப்படியே விட்டுவிட்டு, காரை மேலே ஏற்றினேன். மலையைச் சுற்றி வந்து ரோட்டைத் தொட்டதும் என் போன் நிறுத்தாமல் கத்தியது. அத்தனையும் அம்மாவின் மிஸ்டு கால். ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன்.

“எங்கடி போய்த் தொலைஞ்ச?” என்றாள் அம்மா. “காலையில ஒரு பொண்ணு போன் பண்ணி அட்ரஸ் கேட்டுச்சு. ரெண்டு புள்ளைங்களோட நேரா வந்து நின்னு, புருஷன் போட்டோவக் காட்டுச்சு. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, ‘இவரு இல்லம்மா, வந்தது வேற தம்பி’ன்னுட்டேன். அவ்வளவுதான். அவரு செத்துட்டாரு, சாமான வேற ஆளுகிட்டக் குடுத்து அனுப்பிட்டு நம்மகிட்ட மறைக்கிறாங்கன்னு அடிச்சுக்கிட்டு அழுவுது. பச்சத் தண்ணி பல்லுல படல. உங்க கம்பெனியில என்னதாண்டி நடக்குது?”

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் அந்த மனிதர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“நான்தான்” என்றார். “நான்தான் பேசுறேன்.”

அங்கே ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு அந்தப் பெண்ணின் குரல், தொண்டை கட்டிப்போய், “உசுரோடதான் இருக்கீங்களா?” என்றது.

“இருக்கேன்.”

“ஜெயில்லயா? ஆஸ்பத்திரியிலயா?”

“இல்ல. கடற்கரையில.”

“அங்க என்ன பண்றீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டேன்.

“தூங்கிக்கிட்டிருந்தேன்” என்றார் கடைசியில். “யாருகிட்டயும் சொல்லாம. நல்லாத் தூங்கி ரொம்ப வருசமாச்சு. அதான்.”

அவள் திட்டுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். ஒரு குழந்தை சிணுங்குவதும், என் அம்மா அதைத் தட்டிக்கொடுப்பதும் கேட்டது.

“சரிங்க” என்றாள் அவள். “நீங்க அங்க போயித் தூங்குறீங்க. நான் எங்க போயித் தூங்குறது?”

ரோட்டில் போன ஒரு லாரியின் காற்றில் கார் ஆடி நின்றது.

அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். “இங்க பாருங்க தம்பி, உங்க பஞ்சாயத்த நாளைக்கு வச்சுக்கங்க. இவளுக்கு நான் உள் ரூம்ல பாயப் போட்டு ஃபேனப் போடுறேன். புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன். இவளா எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் போன் பண்ணக் கூடாது. ஏய், உன்னையுந்தாண்டி!”

போன் கட்டாகிவிட்டது. அவர் பதறிப்போய் என் கையிலிருந்து போனை வாங்கி, மறுபடி கூப்பிடப் போனார்.

நான் அதைத் திரும்ப வாங்கி ஆஃப் செய்தேன்.

“தூங்கட்டும்ணே” என்றேன்.