ஈரச் சாக்கு

இருநூற்று முப்பது வோல்ட். இந்த எண்ணை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூரில், பாலியெஸ்டர் நூலைக் ‘கோன்’ என்ற கூம்பு அட்டையில் சுற்றும் ஒரு ஷெட்டில் அன்புச்செல்வி வேலை செய்தாள். அப்பனும் ஆத்தாளும் இருகூர்ப் பக்கம் காட்டுக் கூலிகள். அந்த வீட்டில் மண்வெட்டி பிடிக்காத முதல் ஆள் இவள்தான். கை வேகம், வாய் அதைவிட வேகம். இருபது மெஷின் ஓடும் ஷெட்டில் என்ன சிக்கல் வந்தாலும் பெண்கள் முதலில் கூப்பிடுவது இவளைத்தான். சூப்பர்வைசர் நரசிம்மலு அப்புறம்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷச் சித்திரை. காற்றில் பொட்டு ஈரம் இல்லை. பாலியெஸ்டர் நூல் உரசி ஓடினால் மின்னூட்டம் ஏறும். ரப்பர் செருப்போடு நிற்பவளின் உடம்பில் அது தேங்கும். இறங்க வழி இருக்காது. தூசி புடவையில் அப்பும், கை முடி சிலிர்க்கும், இரும்பைத் தொட்டால் பட்டென்று ஒரு பொறி. அதற்கு ஷெட்டில் பெயர் ‘கடி’.

“எறும்பு கடிக்கிறாப்புல இருக்குதுங்க்கா,” என்றாள் அடுத்த மெஷின் சபுரா. “ஊட்டுல அவரு தொட்டாக்கூட கை வெடுக்குனு இழுத்துக்குது.”

“அதுக்கு மிஷின ஏன் கண்ணு கொற சொல்றே?” என்றாள் அன்புச்செல்வி.

வரிசையே சிரித்தது.

கடிக்கு வழி கண்டவளும் அன்புச்செல்விதான். செருப்பைக் கழற்றினாள். கோணிச் சாக்கை நனைத்துப் போட்டு, அதன்மேல் வெறுங்காலோடு நின்றாள். தேங்கியது கால் வழியே தரைக்குப் போய்விட்டது. கடி நின்றது. அவள் சொல்லி, மறுநாள் எல்லா மெஷின் முன்னாலும் ஈரச் சாக்கு, அதன்மேல் வெறுங்கால்.

“மொதலாளிக்கு வராத ரோசன உனக்கு வந்துருச்சு பாரு,” என்றார் நரசிம்மலு.

சில நாள் கழித்து சபுரா கையை உதறிக்கொண்டு கூப்பிட்டாள்.

“அக்கா, இன்னிக்குக் கடி வேற தினுசா இருக்குது. கடிச்சுப்போட்டு உடறதில்ல. தொட்டா இழுத்துட்டே இருக்குது.”

“சாக்கு காஞ்சிருக்கும் கண்ணு. இரு, வாரேன்.”

குடத்தைத் தூக்கி வந்து அவள் காலடியில் தண்ணீரை ஊற்றினாள். தன் கையாலேயே ஊற்றினாள்.

சபுரா மெஷினைத் தொட்டாள். கை திரும்பவில்லை. விரல்கள் இரும்பை இறுக்கிக்கொண்டன. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அன்புச்செல்வி பிடித்து இழுக்கக் கை நீட்டினாள். தன் காலும் ஈரத்தில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் மெயின் ஸ்விட்ச்சைக் கீழே இழுத்தாள். ஷெட் அடங்கியது. சபுரா சாக்கின் மேலேயே சரிந்தாள்.

நூல் உரசி வரும் கடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். ஆனால் சேர்ந்திருப்பது துளி. பொறி தட்டியதும் தீர்ந்துபோகும். இது வேறு. மோட்டாருக்குள் ஒயர் உறை கருகி, அந்த இருநூற்று முப்பது வோல்ட் மெயின் கரண்ட் மெஷின் இரும்புக்கு வந்திருந்தது. இரும்பு, சபுராவின் கை, கால், ஈரச் சாக்கு, தரை, அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மர். சுற்று முழுசாகிவிட்டால் கரண்ட் தீராது, ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர் செருப்பு இருந்திருந்தால் சுற்று அங்கேயே அறுந்திருக்கும்.

உயிர் இருந்தது. உள்ளங்கை வெந்திருந்தது. கண் திறந்ததும் சபுரா கேட்டாள். “அக்கா, என்ற செருப்பு எங்கே?”

அன்புச்செல்வி செருப்பைத் தேடி எடுத்து மாட்டிவிட்டாள். அவளை ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பியவள், வரிசை வரிசையாகக் கிடந்த சாக்குகளைப் பார்த்தபடி நின்றாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணை நிற்க வைத்தவள் அவள்.

நரசிம்மலு மெயினைப் போடச் சொன்னார். அவள் போய் மெயின் ஸ்விட்ச்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“மொதல்ல எல்லா மிஷினையும் தொறந்து காட்டுங்க.”

“ஒரு மோட்டாரு கெட்டதுக்கு எல்லாத்தையும் எதுக்கு தொறக்கோணும்?”

“நாந்தானுங்க எல்லாரையும் செருப்பக் கழட்டச் சொன்னேன். தொறங்க.”

எலக்ட்ரீஷியன் பொங்கியண்ணன் முதல் மெஷினின் அடிமூடியைக் கழற்றினார். கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோய் ஃபியூஸைப் போக்கடிக்க வேண்டிய எர்த் ஒயர் அங்கே இல்லை. அடுத்ததிலும் இல்லை.

“போன வருசம் மிஷின எடம் மாத்தறப்ப கழட்டுனதுங்க,” என்றார் தலையைத் தூக்காமல். “எர்த்து இல்லீனாலும் மோட்டாரு ஓடுமுங்களே. ஆரும் திருப்பி மாட்டல.”

அவள் ஒவ்வொரு மெஷினுக்கும் அவர் பின்னாலேயே போனாள். கடைசி மூடியும் கழன்றது.

எர்த் ஒயர் மாட்டியிருந்த மெஷின்: இருபதில் மூன்று.