பம்மல் ஷேர் ஆட்டோவில் ஹங்கேரியப் பாடம்

ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றுத் தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்ததும், அந்த நாட்டு நோயாளிகளும் ஆங்கிலத்திலேயே முனகுவார்கள் என்று நம்பி ஹங்கேரிக்குப் போய்ச் சேர்ந்த மேதை நான். வகுப்பெல்லாம் ஆங்கிலம்தான், வார்டில் படுத்திருப்பவர்களுக்கு அது சுத்தமாகத் தெரியாது. விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறேன்; திரும்பிப் போனதும் ஹங்கேரிய மொழியில் வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் வார்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

இப்போது விமான நிலையம் போக, பம்மலில் ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூடை நிறைய வாழைப்பூவோடு ஒரு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பக்கத்தில் உட்காருகிறார். பயிற்சிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"ஹோல் ஃபாய்?" என்கிறேன்.

"இன்னாது?"

"எங்க வலிக்குதுன்னு ஹங்கேரி பாஷைல கேட்டேன்க்கா. அங்க டாக்டருக்குப் படிக்கிறேன், நோயாளிங்ககிட்ட இப்படிக் கேக்கத்தான் பரீட்சை."

"இடுப்புதான். இவன் ஓட்டுற ஓட்டுக்கு முட்டியும் சேந்துக்கும். சரி, அவங்க பதில் சொன்னா உனக்குப் புரியுமா?"

"அதான் புரியாது. கேக்க மட்டும்தான் தெரியும்."

"அப்போ இன்னா பண்ணுவ?"

"நல்லாத் தலையாட்டிட்டு மாத்திரை எழுதிடுவேன்."

அக்கா கூடையை இழுத்துக் காலடியில் வைத்துக்கொள்கிறார்.

"எங்க தெரு டாக்டரு தமிழ்லயே அதான் பண்றாரு."