ஒரே டப்பா முகக் கலர்

ஒன்பதாவது வரை படித்தவன் வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதே அதிகம். இந்த வாரம் ஓவியத்தைப் பற்றி வேறு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது...

சிதம்பரத்தில் என் பெயின்டிங் கடைக்குக் கிள்ளையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் படகு ஓட்டியவர். இறந்து பத்து நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் போய்விட்டது. ஆதார் கார்டில் இருக்குமே என்பீர்கள். அதைப் பார்த்தால் செத்தவருக்கே தன்னை அடையாளம் தெரியாது.

அதனால் கணவரின் தம்பியைக் கூட்டி வந்திருந்தார். அப்படியே அண்ணன் முகமாம்.

"இவரப் பாத்து வரைங்கண்ணே. அவரு இன்னும் கொஞ்சம் கறுப்பு. அவ்ளோதான்."

தம்பி நான்கு நாள் வந்து ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்தார். மூக்கு அரித்தால்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் சொறிந்தார்.

நான் என்ன செய்தேன்? கடலூரில் தொழில் பழகியபோது வந்த வழக்கம் – எல்லா முகத்துக்கும் ஒரே கலர். வெள்ளை, மஞ்சள், துளி சிவப்பு கலந்து ஒரு டப்பாவில் வைத்திருப்பேன். கறுப்பாக வரைந்தால் வீட்டார் கோபிப்பார்கள் என்பது எங்கள் பாடம். மூக்கும் அப்படித்தான். என் கைக்குத் தெரிந்தது ஒரே மூக்கு.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் படத்தைக் காட்டினேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுண்ணே. ஆனா இவரு வெயிலே படாத ஆளு. எங்க வூட்டுக்காரரு இல்ல."

தம்பி சமாளிக்கப் பார்த்தார். "வுடு அண்ணி. செத்தப்புறம் அண்ணன் கலராயிட்டான்."

அந்த அம்மா சிரிக்கவில்லை.

தம்பி இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும், விடிவதற்குள் திருத்திவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"நாலு நாளும் ஒக்காந்திருந்தாரே... இவர நீங்க பாத்தீங்களாண்ணே?"

பார்த்தேனா?

அப்போதுதான் பார்த்தேன். மூக்கின் நடுவில் லேசாக ஒரு மேடு. கன்ன எலும்புக்குக் கீழே நிழல் கறுப்பே இல்லை – பழுப்பில் கொஞ்சம் நீலம். நான்கு நாளும் ஆறடி தூரத்தில் இருந்த முகம். தலை குனிந்துகொண்டேன்.

வரையத் தெரியாதவன் பார்த்துப் பார்த்து வரைகிறான். தெரிந்தவன் பார்ப்பதே இல்லை. முப்பது வருஷத்தில் எத்தனை வீட்டுச் சுவரில், யார் யார் பெயரில், அந்த ஒரே முகத்தை மாட்டியிருக்கிறேனோ...

அந்த அம்மா படத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காரியம் படம் இல்லாமல் நடந்தது.