டெரெலின் அம்மா

வெர்லீன் பெட்டிஸ் என்று கேட்டால் எங்கள் பியோரியா நகரத்தின் தெற்குப் பக்கத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. டெரெலின் அம்மா என்றால் தபால்காரர் முதல் மேயர் வரை எல்லாருக்கும் தெரியும்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு செப்டம்பர் மாலையில் அவளுடைய ஒரே மகன் டெரெல் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான். பதினேழு வயது. இரண்டு கார்க்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். குண்டு இவன்மேல் பாய்ந்தது. அந்தச் சண்டைக்கும் இவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்த அக்டோபரில் எங்கள் தேவாலயத்து அமைதிக் குழு முதல் நடைப்பயணத்தை நடத்தியது. நான் அந்தக் குழுவின் செயலாளர். துண்டறிக்கை அடிப்பது, ஊர்வலத்துக்கு அனுமதி வாங்குவது, யார் யார் என்ன சமைத்து எடுத்துவருவது என்று பட்டியல் போடுவது எல்லாம் என் வேலை. வெர்லீன் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள். அவளைப் பேசச் சொல்லலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அவளுக்கு எழுத வரவில்லை. பேச்சையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

"என் மகன் நூலகத்துக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தான்" என்று அது தொடங்கும். அவன் பையில் நூலகப் புத்தகம் ஒன்று இருந்தது உண்மை. நாலு மாதமாக அங்கேயே கிடந்த புத்தகம். அப்போது ஊரெல்லாம், "அந்த நேரத்துல அவனுக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் நான் அந்த வரியைப் போட்டேன். வெர்லீன் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பேச்சு அவளைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டன. சிறைச்சாலை கூப்பிட்டது. நகர சபை, ஜெபக் கூட்டம், காவலர் பயிற்சி வகுப்பு என்று எங்கே துப்பாக்கி பற்றிப் பேச்சு வந்தாலும் வெர்லீனுக்குத் தொலைபேசி போகும். அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கூட்டமென்றால் மேலாளரே, "நீங்க கிளம்புங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்பார். யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அதனால் யாரிடமும் அவளால் முகத்தைச் சுளிக்க முடியவில்லை.

ஒருநாள் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டே, தொலைபேசியில் மாமா மகள் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாளாம். "நீங்க சிரிக்கறதைப் பார்க்க எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?" அதற்குப் பிறகு வெர்லீன் எந்தக் கடையிலும் சிரித்ததில்லை.

போன கோடையில் அவளுடைய கார் பழுதாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"டோரீன், என்னைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போ. எங்கேன்னு கேட்காத. நான் சொல்ற பக்கம் ஓட்டு."

ஐம்பது நிமிடம் ஓட்டினேன். கேல்ஸ்பர்கில், கனமான பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் கூடம் ஒன்றின் முன்னால் நிறுத்தச் சொன்னாள். உள்ளே நுழைந்ததும் நாலு பேர், "விவி!" என்று கத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை.

கஸ் என்று ஒரு தடித்த கிழவர், "என்ன விவி, இன்னிக்காவது பந்து உன் பாதையில போகுமா, இல்ல பக்கத்துக்காரனுக்கே தானமா?" என்றார்.

"வாயை மூடுய்யா. உன் பந்து போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு பென்ஷன் வந்துடும்."

கூடமே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் வெர்லீன். உருட்டிவிட்டு இடுப்பை ஆட்டி ஒரு ஆட்டம் போட்டாள். இருபது வருடமாக அவளைத் தெரியும் எனக்கு. அந்த ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை? விவி கொடுத்து வச்சவ. பிள்ளையா, குட்டியா, ஒரு கவலையும் கிடையாது."

வெர்லீன் துண்டால் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அப்புறம் மறுபடியும் துடைத்தாள்.

திரும்பி வரும்போது சோளக்காடுகளைப் பார்த்தபடியே பேசினாள்.

"மூணு வருஷமா வர்றேன். முதல் நாள் அவ கேட்டா, பிள்ளைங்க உண்டான்னு. இல்லைன்னுட்டேன். ஒரு மத்தியானத்துக்குத்தானேன்னு நினைச்சேன். இப்ப எப்படி மாத்திச் சொல்வேன்? ஒவ்வொரு வியாழக்கிழமையும் போய் என் பிள்ளையை இல்லைன்னு சொல்லிட்டு வர்றேன்."

"அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே, வெர்லீன்."

"சொன்னா அங்கயும் கையைப் பிடிச்சுப்பாங்க."

ஊர் எல்லை வந்ததும், "இந்த வருஷம் நான் பேசலை" என்றாள். "அவன் குரல் எனக்கு மறந்துபோச்சு, டோரீன். ஞாபகப்படுத்திப் பார்த்தா உன் பேச்சுதான் வருது. நூலகம், புத்தகம், நல்ல பையன். எனக்கு அந்தப் பையனைத் தெரியாது. நான் பெத்தவன் வேற."

செப்டம்பரில் நடந்த குழுக் கூட்டத்தில் அதை அவளே எழுந்து சொன்னாள். நூலகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறது, இந்த வருடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். போதகர் ஹோலிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சிஸ்டர், உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா இந்த வருஷம் மட்டும் ஆறு பிள்ளைங்களைப் புதைச்சிருக்கேன். நீங்க பேசினா அந்தத் தெருப் பசங்க நின்னு கேக்கறாங்க. நான் பேசினா செல்போனைப் பாக்கறாங்க. இந்த ஒரு வருஷம்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. வெர்லீன் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சமையல் பட்டியலில் யார் சோளரொட்டி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி பாஸ்டர்" என்றாள்.

நடைப்பயணத்தன்று முந்நூறு பேர் இருந்தார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சிறிய மேடை. வெர்லீன் மைக்கைப் பிடித்து, "என் மகன் நூலகத்துக்கு" என்று ஆரம்பித்தாள். நின்றாள். முதல் வரிசையில் இருந்தவர்கள், அழுகிறாள் என்று நினைத்து, "தைரியமா இருங்கம்மா" என்றார்கள்.

"இல்லை. அவன் நூலகத்துக்குப் போகலை" என்றாள். "கடையில வேலைக்கு வந்திருக்கேன்னு போன்ல சொன்னான். வேலைக்குப் போகலை, ஒரு பொண்ணைப் பார்த்துட்டு வந்துட்டிருந்தான். பின்னாடி பஸ் சத்தம் கேட்டுது எனக்கு. பொய் சொல்றியாடா, வீட்டுக்கு வா, வச்சுக்கறேன்னு சொன்னேன். நான் அவன்கிட்ட கடைசியா சொன்னது அதுதான்." மூச்சை இழுத்துவிட்டாள். "சோம்பேறி. என் ரோஸ் செருப்பைப் போட்டுக்கிட்டு வீடு பூரா இழுத்துக்கிட்டு நடப்பான். மாவு பிசையற பாத்திரத்துல பாலை ஊத்தி, ஒரு டப்பா கார்ன்ஃப்ளேக்ஸையும் கொட்டி, ஒரே மூச்சுல தின்பான். பொய் சொன்னா சுட்டுக் கொல்லலாமா? பொய் சொல்ற பிள்ளைங்களும் வீட்டுக்கு வந்து சேரணும்."

கூட்டத்தில் யாரோ ஒரு பையன், செருப்பு விஷயத்துக்காக இருக்கும், களுக்கென்று சிரித்தான். வெர்லீனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் முன்னால், மேடையில், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலைச் செய்தியில் அம்மாவிடம் பொய் சொன்ன பையன் என்பதுதான் பெரிதாக வந்தது. இணையத்தில் அதன் கீழே ஜனங்கள் எழுதியதை நான் படித்தேன். இங்கே சொல்ல மாட்டேன். போதகரிடம் போய், நூலக வரியை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "பதினோரு வருஷம் கழிச்சா, டோரீன்?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் பீச் பழப் பலகாரம் சுட்டு எடுத்துப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"மனசாவது கொஞ்சம் லேசாச்சா?" என்று கேட்டேன்.

"லேசா!" அவள் தொலைபேசியை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினாள். "நாலு ஸ்கூல்லேருந்து கூப்பிட்டுட்டாங்க. அந்த உண்மையான பேச்சு வேணுமாம். செருப்பு வர்ற இடத்தை விட்டுடாதீங்கன்னு ஒரு டீச்சர் சொல்றா."

இரண்டு பள்ளிகளுக்குப் போனாள். இரண்டுக்கு வரமாட்டேன் என்றாள். கேல்ஸ்பர்குக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஏனென்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரியில் லட்ரீஸ் என்ற பெண்ணின் மகனைச் சுட்டுவிட்டார்கள். பதினைந்து வயது. அடுத்த அக்டோபருக்கு அவள் பேசுவாளா என்று இப்போதே கேட்டு வைக்கும்படி குழு என்னை அனுப்பியது. வெர்லீனும் கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

லட்ரீஸின் சமையலறையில் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த பாத்திரங்கள் மூடிகூடத் திறக்காமல் அடுக்கியிருந்தன. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வெர்லீன் குறுக்கே பேசினாள்.

"முடியாதுன்னு சொல்லலாம்மா. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அப்படிச் சரின்னா ஒரு தடவைதான்னு இப்பவே சொல்லிடு. இவ எழுதித் தர்றதை வாங்காத."

லட்ரீஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க டெரெலோட அம்மாதானே? என் பையன் ஸ்கூல்ல வந்து பேசினீங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு நேரம் பேசணும்?"

வெர்லீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.