பச்சை நிறத்தில் ஓர் 'ஓகே லா'

மலேசியாவில் பிறந்து, மூன்று வேளையும் வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் 'லா' போட்டுப் பேசுகிற எனக்கு 'ஓகே லா' என்பதன் பொருள் தெரியாமல் போயிற்று. இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் செய்ததில்லை. செய்திருந்தால் என் மனைவிக்கு நினைவிருக்கும், கேட்டுச் சொல்கிறேன்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு செயலியை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ஆப் உருவாக்குகிறவர்கள் அதை வெளியிடும் முன் நாலு பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? இந்த இரு தரப்பையும் சேர்த்து வைக்கிற கல்யாணத் தரகர்தான் என் ஆப். பயன்படுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்கிறவருக்குக் கூலி உண்டு. சொல்வதற்கு மூன்று பொத்தான்கள்: 'சூப்பர்', 'ஓகே லா', 'மோசம்'. நம்ம ஊர் வாசம் வரட்டும் என்று நடுப் பொத்தானுக்கு நானே பெயர் வைத்து, பச்சை நிறமும் அடித்தேன். அன்று கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டேன்.

முதல் வாடிக்கையாளர் செராஸ் என்ற பேட்டைக்காரர். சாப்பாட்டுக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்றைச் செய்திருந்தார். நான் பிடித்துக்கொடுத்த பன்னிரண்டு பேரும் 'ஓகே லா'வை அழுத்தினார்கள். திரை முழுக்கப் பச்சை. அதை நம்பி ஒரு கடையில் ஓடவிட்டார். மதியமே போன் வந்தது.

"பாஸ், பாதி ஆர்டர்ல அட்ரஸே இல்ல. உங்க ஆளுங்க என்னத்த டெஸ்ட் பண்ணாங்க?"

"எல்லாரும் ஓகேன்னுதான்..."

"சனிக்கிழமை மறுபடி ஓடவிடுறேன். அதுக்குள்ள எங்க தப்புன்னு கண்டுபிடிச்சிச் சொல்லுங்க. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேன்."

எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அவரும் போனால் தரகர் கையில் மாப்பிள்ளையே இல்லை.

பன்னிரண்டு பேரில் ஒருவர் கிள்ளானில், லிட்டில் இந்தியா சேலைக்கடையில் வேலை செய்யும் அக்கா. ரயிலைப் பிடித்துப் போய் நான் யார் என்று சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் ஒரு பெண்மணி ஏழாவது சேலையைத் தடவிப் பார்த்து, "ஓகே லா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"திரும்பி வருவாங்களா அக்கா?"

"அதான் ஓகே லான்னுட்டாங்களே. எங்க வரப் போறாங்க." பிரித்ததை மடித்தபடியே என்னைப் பார்த்தார். "அண்ணி புதுச் சேலை கட்டிட்டு வந்து எப்படி இருக்குன்னு கேட்டா, ஓகே லான்னு சொல்வீங்களா அண்ணே?"

"சொன்னா அன்னைக்குச் சோறு கிடையாது."

"அப்புறம் அதுக்கு ஏன் பச்சைக் கலர் அடிச்சீங்க?"

"மோசம்னும் ஒரு பொத்தான் இருந்துச்சே" என்று இழுத்தேன்.

"காசு குடுக்குறீங்க. அத வாங்கிக்கிட்டு மோசம்னு எப்படி அமுக்குறது? மரியாதை வேணாமா?"

திரும்பி வரும் ரயிலிலேயே மூன்று பொத்தான்களையும் அழித்தேன். 'லா' எவ்வளவு நீளுகிறது என்பதில்தான் பொருளே இருக்கிறது. அது காதில் விழ வேண்டும். ஆகவே குரல் பதிவுக்கு ஒரே ஒரு மைக் படம், ஒரே ஒரு கேள்வி: 'எந்த இடத்துல கடுப்பாச்சு?' கீழே, 'திட்டுவதற்குத்தான் கூலி' என்று எழுதினேன். பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினேன்.

கொட்டித் தீர்த்தார்கள். செந்தூலில் குடியிருக்கும் அங்கிள் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினார். அதில் நான்கு நிமிடம் அவர் வீட்டு ஃபிளாட்டின் லிஃப்டைப் பற்றி. ஐந்தாவது நிமிடத்தில் தங்கம் கிடைத்தது: "அட்ரஸ் அடிச்சிக்கிட்டு இருக்கப்ப மக போன் பண்ணுனா. பேசிட்டு வந்து பாத்தா அட்ரஸக் காணோம். என்னா ஆப்பு லா இது."

அப்படியே செராஸ்காரருக்கு அனுப்பினேன். அட்ரஸ் அடிக்கும்போது வேறு எதைத் திறந்தாலும் அது அழிந்துபோவதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். சனிக்கிழமை மதியக் கூட்டத்தில் இருவரும் அந்தக் கடையின் மூலையில் நின்று மூச்சுவிடாமல் பார்த்தோம். ஒரு பொட்டலம்கூட வழி தவறவில்லை. "பாஸ், என் அடுத்த ஆப்பும் உங்ககிட்டதான்" என்றார்.

தெருவில் தேர் மாதிரி அசைந்து நடந்தேன். பின்னால் ஒரு லோரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்ததைக்கூட வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டேன். ஓரமாக நின்று கிள்ளான் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: "ஜெயிச்சிட்டோம் அக்கா. இப்ப என் ஆப்பப் பத்தி மனசுல உள்ளதச் சொல்லுங்க."

உடனே பதில் வந்தது.

"எழுத்து சின்னது."