அப்பா குளித்துக்கொண்டிருந்த வீடு

காலண்டரில் அஷ்டமி என்று பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எனக்குப் பத்து வயது. நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், ஒரு அபார்ட்மெண்டில் தம்பியோடு ஒரே கட்டிலில் படுத்து, இரவெல்லாம் உதை வாங்கிக்கொண்டிருந்தேன். அப்பா பிரிட்ஜ்வாட்டரில் ஒரு வீடு பார்த்தார். மாடியில் பெரிய ஜன்னலோடு ஓர் அறை எனக்கென்று முடிவானது. சுவருக்கு என்ன பெயின்ட் என்பது வரை வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

நியூஜெர்சியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதோடு வீடு நமதாகிவிடாது. அதன்பின் இரண்டு பக்க வக்கீல்களும் அதைப் படித்துத் திருத்துவார்கள். திருத்தியதில் இரு தரப்பும் மறுபடி கையெழுத்துப் போடும்வரை யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். எங்கள் வக்கீல் ஓர் அமெரிக்கப் பெண்மணி. இரண்டே நாளில் எல்லாவற்றையும் பேசி முடித்து அப்பாவுக்கு மெயில் அனுப்பிவிட்டார். கையெழுத்துக்குப் பேனாகூட வேண்டாம், ஒரு கிளிக் போதும்.

அன்றைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. தசமியன்று காலை கிளிக் செய்வதாக அப்பா முடிவெடுத்தார்.

"வேற ஆளும் கேக்கறாங்கன்னு ஏஜென்ட் சொன்னாரே, சைன் பண்ணிடுங்களேன்" என்றாள் அம்மா.

"ரெண்டு நாள்ல வீடு ஓடியா போயிடும்?" என்றார் அப்பா.

வக்கீல் ஃபோன் செய்தார். ஒரு வெள்ளைக்காரியிடம் அஷ்டமியைப் பற்றிச் சொல்ல அப்பாவுக்கு வெட்கம். பொய் சொல்ல மட்டும் வெட்கமில்லை, அதையும் என் வாயால் சொல்லவைத்தார். "அப்பா குளிக்கறார்னு சொல்லு" என்று ஃபோனை என்னிடம் நீட்டினார். "ஹீ இஸ் இன் த ஷவர்" என்றேன். சாயங்காலமும் அதே பதில், மறுநாள் காலையும் அதே. உன் அப்பாவைப் போலச் சுத்தமான மனிதரை நான் பார்த்ததில்லை என்றார் வக்கீல். பிறகு, அவர் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்காக நானே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். அப்படியே போய்ச் சொன்னேன்.

"ஓகே சொல்றதும் சைன் பண்றதும் ஒண்ணுதான்" என்றார் அப்பா.

நவமி சாயங்காலம் வீடு கைவிட்டுப் போனது. விற்பவர்கள் விலகி, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கோயில் கேன்டீனில் புளியோதரையைப் பிசைந்தபடி அப்பா எல்லோரிடமும் சொன்னார்: "எங்க லாயரே கவுத்துட்டா சார். அந்த சைடோட கூட்டு." எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அம்மா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. நான் நம்பினேன். என் அறையைப் பறித்தவள் அவள்தான் என்று கறுவிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அப்பாவின் ஃபோன் மேஜைமேல் அடித்தது. அவர் கீழே காரில் பனி சுரண்டிக்கொண்டிருந்தார். நானே எடுத்தேன். அவள் குரல்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "ஹீ இஸ் இன் த ஷவர். டோன்ட் கால் அகெய்ன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

வக்கீல்மேல் தப்பே இல்லை, அப்பா நாள் பார்த்ததில்தான் வீடு போனது என்று வளர்ந்த பிறகு அம்மா சொன்னாள். அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த அஷ்டமியைச் சொல்லி அப்பாவோடு நான் சண்டை போடாமல் இருந்ததில்லை. ஒரு பெண்ணின் பெயரையும் கெடுத்து, என்னையும் பொய் சொல்லவைத்தவர் என்று வாய்க்கு வந்தபடி கத்தியிருக்கிறேன்.

போன மாதம், நானே ஒரு வீடு வாங்குவதற்காக, அந்த வக்கீலின் விலாசம் கிடைக்குமா என்று அப்பாவின் பழைய மெயிலில் தேடினேன். அப்பா திறக்காமலே விட்ட மெயில் ஒன்று இருந்தது. புதிதாக வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டார், வீட்டை உங்களுக்கே தரச் சம்மதிக்க வைத்திருக்கிறேன், இன்று ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடுங்கள் என்று எழுதியிருந்தார். காலையில் ஃபோன் செய்தேன், நீங்கள் குளிப்பதாக உங்கள் மகள் சொன்னாள் என்றும் எழுதியிருந்தார்.

அந்தத் தேதிக்குப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்தேன். முகூர்த்த நாள். ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருந்தால் அப்பா மேலே வந்திருப்பார்.